பிராக் நகரில் முதல் நாள்: இருவராக நடந்து பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செக் நாட்டின் தலைநகரமான பிராகில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் புதுமணத் தம்பதிகள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு நிம்மதியாகக் கிளம்பி வரும் அண்ணன் அண்ணி, ஜெர்மனியிலிருந்து ரயிலேறி வரும் நண்பர்கள் என்று எல்லோரும் விமானமோ ரயிலோ ஏறும் முன்பே கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே முதல் நாளைப் பற்றியவை.

முதல் நாளே நடந்து சுற்றுவது சரிதானா? பேருந்தில் சுற்றிக் காட்டும் பயணம் ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?

நடங்கள். இந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும். கோட்டை, கீழே இருக்கும் மாலா ஸ்ட்ரானா பகுதி, சார்லஸ் பாலம், பழைய நகரம் எல்லாமே ஒரே கோட்டில் கோத்த மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. மேலிருந்து கீழே பழைய நகரச் சதுக்கம் வரை மொத்த தூரம் 4 கிலோமீட்டருக்குள்தான் வரும். பாதையில் பாதி இடங்களுக்குள் பெரிய பேருந்து வரவே முடியாது. வந்தாலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வீட்டு வாசலில் செதுக்கியிருக்கும் ஒரு ஆட்டுக்குட்டியை யாரால் பார்க்க முடியும்?

முதல் நாள் எந்த இடத்துக்கும் நேரம் குறித்த டிக்கெட் வாங்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. பயணக் களைப்பு இருக்கும், தூக்க நேரம் மாறியிருக்கும். "இரண்டரைக்கு அங்கே நிற்க வேண்டும்" என்ற நினைப்பு வந்துவிட்டால் இருவருமே ஊரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லா வழிகாட்டிகளும் பழைய நகரத்தில் தொடங்கிப் பாலம் தாண்டிக் கோட்டைக்கு ஏறச் சொல்கின்றன. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பொஹீமிய அரசர்களின், அதாவது இந்தச் செக் பகுதியை ஆண்டவர்களின், முடிசூட்டு ஊர்வலம் போன வழி அது. வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், பாலம் வழியாகக் கோட்டைக்குப் போகும். கடைசியாக முடிசூட்டு விழா நடந்தது 1836இல்.

அரசர்கள் குதிரையிலும் வண்டியிலும் போனார்கள். நீங்கள் காலால் போகிறீர்கள். அதனால் நான் சொல்வது தலைகீழ். 22ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டையையும் தாண்டி, போஹோர்ஜெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பெரும்பாலும் இறக்கம்தான். டிராம் ஆற்றங்கரையை விட்டு மேலேறி வளைந்து திரும்பும் இடமே பார்க்க நன்றாக இருக்கும். இடம் கிடைத்தால் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள்.

இறங்கியதும் முதலில் ஸ்ட்ராஹோவ் மடம். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதன் பழைய நூலகம் புகழ்பெற்றது, ஆனால் அது இன்னொரு நாளைக்கு. இன்று மடத்துக்குக் கிழக்கே இருக்கும் மேட்டுக்குப் போய் நில்லுங்கள். கீழே பழத்தோட்டச் சரிவு, அதற்கப்பால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், இடது பக்கம் கோட்டை, நடுவில் ஆறு. நீங்கள் அன்றைக்கு நடக்கப்போகும் வழியில் பெரும்பகுதி அங்கிருந்தே தெரியும். வரைபடத்தில் பத்து தடவை பார்ப்பதைவிட இங்கே ஐந்து நிமிடம் நின்றால் ஊர் மனதில் பதிந்துவிடும்.

அப்புறம் லொரெட்டா ஆலயம் வழியாகக் கோட்டை வாசல். லொரெட்டாவின் மணிகள் பகலில் மணிக்கு ஒருமுறை ஒரு மெட்டு இசைக்கும். நேரம் ஒத்துவந்தால் நின்று கேளுங்கள். கொஞ்சம் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே நோவி ஸ்வெட் என்ற சந்துக்குள் நுழைந்து வரலாம். சின்னச் சின்ன வீடுகள், கூட்டம் குறைவு.

டிராம் டிக்கெட் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

டிக்கெட் தூரத்துக்கு இல்லை, நேரத்துக்கு. அந்த நேரத்துக்குள் டிராம், மெட்ரோ, பேருந்து எதில் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். காகித டிக்கெட் வாங்கினால் வண்டியில் ஏறியதும் மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாது, பரிசோதகர் வந்தால் அபராதம் உண்டு. டிராமுக்குள்ளேயே வங்கி அட்டையைத் தொட்டு வாங்கும் கருவியும் இருக்கிறது. அதில் வாங்குவது முத்திரை குத்தியதற்குச் சமம். ஒருவருக்கு ஒரு டிக்கெட், இருவருக்கு இரண்டு.

இன்னொன்று. சாலையில் கோடு போட்ட இடத்தில் கார்கள் உங்களுக்காக நிற்கும், டிராம் நிற்காது. இந்த நாட்டில் டிராமுக்குத்தான் முதலுரிமை. படம் எடுத்துக்கொண்டே தண்டவாளத்தைக் கடக்காதீர்கள்.

கோட்டைக்குள் டிக்கெட் வாங்காமல் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. கோட்டை என்றதும் நம் ஊர் செஞ்சியையோ வேலூரையோ நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது கிட்டத்தட்ட 70,000 சதுர மீட்டரில் முற்றங்களும் அரண்மனைகளும் தேவாலயங்களும் சேர்ந்த ஒரு குட்டி ஊர். நாட்டின் அதிபர் அலுவலகமும் இங்கேதான். முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. நுழையும் இடத்தில் பையைச் சோதித்தாலும் சோதிப்பார்கள். காவலர் மாற்றம் மணிக்கு ஒருமுறை நடக்கும். பகல் 12 மணிக்கு மட்டும் வாத்திய இசையோடு பெரிதாக நடக்கும், கூட்டமும் அப்போது பெரிதாக இருக்கும்.

உள்ளே நின்று பார்க்க வேண்டியது புனித விட்டுஸ் பேராலயத்தின் வெளிப்புறம். 1344இல் கட்டத் தொடங்கி 1929இல் முடித்தார்கள். இடையில் மதப் போர்கள் வந்து பல நூறு ஆண்டுகள் பாதியிலேயே நின்றது. மேற்கு வாசலில் நீங்கள் முதலில் பார்க்கும் இரட்டைக் கோபுரமும் வட்டக் கண்ணாடி ஜன்னலும் 19, 20ஆம் நூற்றாண்டு வேலை. அப்படியே வலது பக்கமாகத் திரும்பித் தெற்கு முற்றத்துக்கு வந்தால் 14ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிடுவீர்கள். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்று கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிப் பாருங்கள். கட்டியவர்கள் பழைய பாணியை அவ்வளவு அக்கறையோடு தொடர்ந்திருக்கிறார்கள்.

தெற்குப் பக்கத்து வாசலுக்குப் பொன்வாசல் என்று பெயர். அதன் மேல் இறுதித் தீர்ப்பு நாளைக் காட்டும் படம், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளால் பதித்தது. ஏறக்குறைய பத்து லட்சம் துண்டுகள். 1370களின் தொடக்கத்தில் செய்தது. நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் கல்லறைகளிலிருந்து எழுந்து வருபவர்கள், மறு பக்கம் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுபவர்கள். மேகம் விலகி வெயில் படும்போது அந்தப் பொன் நிறம் சட்டென்று ஏறும். அதற்காகக் காத்திருந்து பார்த்தவர்கள் யாரும் இதுவரை வருத்தப்பட்டுச் சொன்னதில்லை.

பேராலயத்தின் உட்புறமும், கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொற்தெரு என்ற சின்னத் தெருவும் டிக்கெட் உள்ள இடங்கள். அவற்றுக்கு வேறொரு காலையை ஒதுக்குங்கள்.

கோட்டையிலிருந்து கீழே இறங்கும் நெருடோவா தெருவில் என்ன விசேஷம்? கடைகள்தானே?

கடைகள் உண்டு. ஆனால் கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கினால் இந்த ஊரிலேயே எனக்கு மிகப் பிடித்த தெரு இதுதான்.

1770ஆம் ஆண்டு வரை இங்கே வீடுகளுக்கு எண் கிடையாது. அரசி மரியா தெரேசா காலத்தில்தான் எண் போட்டார்கள். அதற்கு முன் வாசலுக்கு மேலே செதுக்கியோ வரைந்தோ வைத்திருக்கும் சின்னம்தான் முகவரி. அந்தச் சின்னங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கோட்டையிலிருந்து இறங்கும்போது எண்கள் குறைந்துகொண்டே வரும். 49 வெள்ளை அன்னம். 47 இரண்டு சூரியன்கள். செக் எழுத்தாளர் யான் நெருடா குடியிருந்த வீடு அது, தெருவுக்குப் பெயரும் அவரால்தான். 16 பொற்கிண்ணம். 12 மூன்று பிடில்கள், பிடில் செய்யும் குடும்பங்கள் வாழ்ந்த வீடு. 11 சிவப்பு ஆட்டுக்குட்டி. எண் 20இல் இரண்டு பெரிய கழுகுகள் சிறகை விரித்து வாசலைத் தாங்கி நிற்கும், அது இத்தாலியத் தூதரகம்.

ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு எண் பலகைகள் இருப்பதைக் கவனியுங்கள். சிவப்பு அந்தப் பகுதியின் பதிவேட்டு எண், நீலம் தெருவில் அந்த வீட்டின் வரிசை எண். நான் மேலே சொன்னவை நீல எண்கள். தங்கும் விடுதியைத் தேடும்போதும் இது உதவும்.

தெரு நல்ல சரிவு, தரை முழுக்கக் கல் பாவியது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம். அப்படியானால் கோட்டையிலிருந்து மறுபடி 22ஆம் எண் டிராமைப் பிடித்து மாலா ஸ்ட்ரானா சதுக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இந்தத் தெருவுக்குள் கொஞ்ச தூரம் மட்டும் ஏறிப் பாருங்கள். 11, 12, 16, 20 எல்லாம் கீழ்ப் பகுதியில்தான் இருக்கின்றன.

என் கணவர் வேகமாக நடப்பார், நான் மெதுவாகத்தான் நடப்பேன். என்ன செய்வது?

இதைக் கேட்காத தம்பதியே இல்லை. சிலர் வெளிப்படையாகக் கேட்பார்கள், சிலர் தனியாக அழைத்துக் கேட்பார்கள்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் வருபவரின் வேகம் தானாகக் குறையும். வேகமானவர் முன்னால் போய்ப் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து நின்றால், அவர் ஓய்வெடுத்து முடிக்கும் நேரத்தில் மற்றவர் வந்து சேர்வார், உடனே கிளம்பவும் வேண்டியிருக்கும். மெதுவாக நடப்பவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது.

வரைபடத்தை ஒருவர் மட்டும் பார்த்தால் போதும். காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் மற்றவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வழி தவறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எந்தச் சந்தில் இறங்கினாலும் கடைசியில் ஆற்றுக்குத்தான் வருவீர்கள். முதல் நாளில் ஆளுக்கு ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அவருக்குக் காவலர் மாற்றம், உங்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு காபி. அந்த இரண்டும் நடந்துவிட்டால் நாள் நிறைவாகிவிடும்.

மதியம் என்ன சாப்பிடுவது? நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். மனைவி சுத்த சைவம்.

செக் சாப்பாட்டில் மாடும் பன்றியும்தான் முன்னணி. குலாஷ் என்ற குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஸ்விச்கோவா என்ற புகழ்பெற்ற பாலேட்டுக் குழம்பும் மாட்டிறைச்சிதான். ஹொவியெஸி என்றால் மாடு, வெப்ர்ஷொவே என்றால் பன்றி, குர்ஷே என்றால் கோழி. பெஸ் மசா என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். இந்த நான்கையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு எல்லா இடத்திலும் கிடைப்பது ஸ்மஜெனி சீர், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கோடு வரும். பழம் வைத்து வேகவைத்த கொழுக்கட்டையும் இங்கே சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும், இனிப்பாக இருக்கும். உருளைக்கிழங்கு சூப் பார்க்கச் சைவமாகத் தெரிந்தாலும் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ப்பார்கள், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார நாட்களில் மதிய நேரத்துக்கென்று பொலெட்னி மெனு என்ற தனிப் பட்டியல் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுவது, விலை குறைவு. பாலத்தை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்து இரண்டு தெரு உள்ளே போனால் கிடைக்கும். மேசைமேல் தானாக வந்து உட்காரும் ரொட்டிக்கும் சில இடங்களில் காசு உண்டு, தொட்டால்தான் கணக்கு.

காலையிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்ட்ராஹோவ் மடத்துக்குக் கீழே இருக்கும் பழத்தோட்டச் சரிவு சரியான இடம். பெஞ்சுகள் இருக்கின்றன, ஊரே எதிரில் தெரியும்.

தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கும் ட்ர்டெல்னிக் இனிப்பைப் பழைய பிராக் பலகாரம் என்று பலகை போட்டிருப்பார்கள். அது இந்த ஊரின் பழைய பலகாரம் இல்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், பாரம்பரியத்துக்காக வேண்டாம்.

யூரோ வைத்திருந்தால் போதுமா?

போதாது. இங்கே நாணயம் கொருனா. சில கடைகள் யூரோ வாங்கும், ஆனால் அவர்கள் சொல்வதுதான் மாற்று விலை. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணக் கணக்கில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கொருனாவிலேயே எடுத்தால் நஷ்டம் குறைவு.

பணம் மாற்றும் கடையில் மோசமான விலை கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யும் உரிமையை 2019இல் சட்டமாக்கியிருக்கிறார்கள். 1000 யூரோ வரையிலான தொகைக்கு அது பொருந்தும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சார்லஸ் பாலத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது என்கிறார்களே?

நடுப்பகலில் அப்படித்தான். ஆனாலும் நின்று பாருங்கள். நான்காம் சார்லஸ் மன்னர் காலத்தில் 1357இல் அடிக்கல் நாட்டியது. 1342 வெள்ளத்தில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போனதால் கட்டியது. 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த ஊரில் வல்தாவா ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். சுண்ணாம்புக் கலவையில் முட்டை சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஒரு ஊர்க்காரர்கள் உடையாமல் இருக்கட்டும் என்று முட்டைகளை அவித்து அனுப்பிவைத்தார்களாம்.

கோட்டைப் பக்கமிருந்து வரும்போது ஏறக்குறைய நடுவில், இடது கைப் பக்கம் யான் நெபொமுக் என்ற பாதிரியாரின் வெண்கலச் சிலை. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள். 1393இல் அரசர் ஆணைப்படி அவரை ஆற்றில் வீசினார்கள். சிலை வைத்தது 1683இல். அடியில் இருக்கும் இரண்டு தகடுகளைப் பாருங்கள். முழுத் தகடும் கறுத்திருக்க, கை படும் இடம் மட்டும் தங்கமாய் மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

கூட்டமே இல்லாமல் பார்க்க ஆசை என்றால் மறுநாள் விடியற்காலையில் ஒருமுறை வாருங்கள். தூக்க நேரம் மாறியிருப்பதால் எப்படியும் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

பழைய நகரச் சதுக்கத்துக் கோபுரத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பார்த்தவர்கள் "இவ்வளவுதானா" என்று சொல்கிறார்களே?

மணியடிக்கும்போது ஜன்னல் வழியாக வந்து போகும் பொம்மைகளை மட்டும் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள். எலும்புக்கூடு மணியாட்டும், அப்போஸ்தலர்கள் வரிசையாக வருவார்கள், சேவல் கூவும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குக் கூடும் கூட்டம் கலைந்த பிறகு முகப்பைப் பாருங்கள். 1410இல் செய்தது, இன்னும் ஓடுகிறது.

பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இது மற்றவர்களைவிட எளிதாகப் புரியும். உள்ளே தள்ளியிருக்கும் சிறிய வட்டம் பன்னிரண்டு ராசிகள். தங்கச் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்க்கலாம். பாதி கறுப்பு, பாதி வெள்ளியாக இருக்கும் உருண்டைதான் சந்திரன். அது தன்னைத்தானே சுற்றி வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும். நம் கணக்கோடு ஒரு வித்தியாசம் உண்டு. சித்திரை முதல் நாள் நமக்குச் சூரியன் மேஷத்தில் நுழைகிறது. இந்தக் கடிகாரத்தில் அன்றைக்குச் சூரியன் மேஷத்தின் பெரும்பகுதியைக் கடந்திருக்கும். இது அயனாம்சம் (நம் ராசித் தொடக்கத்துக்கும் மேல்நாட்டு ராசித் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி) கழிக்காத கணக்கு, அந்த இடைவெளி சுமார் 24 பாகை.

ஓரத்தில் இருக்கும் வளையம் பழைய செக் நேரம், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. நாம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள்.

அங்கேயே கோபுரத்தின் அடியில் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று, அரசரை எதிர்த்து எழுந்ததற்காக இந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட 27 பேருக்காக. தெரியாமல் மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது? காலுக்கு என்ன போடுவது?

ஜூனில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் மறையும், டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் வந்தால் இந்தப் பாதையைக் காலையிலேயே தொடங்குங்கள். மே, செப்டம்பர் இரண்டும் நடக்க இதமானவை. அடி தடிமனான, ஏற்கெனவே காலுக்குப் பழகிய காலணி போடுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு கற்களின் இடுக்கில் மாட்டும். புடவையில் வந்து அழகாக நடந்தவர்களும் உண்டு, அவர்கள் காலில் கேன்வாஸ் ஷூ இருந்தது.

கழிப்பறை?

பெரும்பாலும் கட்டணம். சில்லறை நாணயங்கள் வைத்திருங்கள். சாப்பிடும் இடத்தில் போய்விட்டுக் கிளம்புவது உத்தமம்.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நீங்கள் நடக்கும் வழிக்குப் பக்கத்திலேயே. பழைய நகரச் சதுக்கத்திலிருந்து ஆற்றை நோக்கிச் சில நிமிடங்கள் நடந்தால் யான் பலாக் சதுக்கம். அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1348இல் தொடங்கியது. தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்ததும் தமிழ் கற்பித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1927இல் இதே பிராகில் பிறந்தவர். சங்க இலக்கியம், சித்தர்கள், நீலகிரி இருளர் மொழி என்று எவ்வளவோ ஆராய்ந்தார். 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார், 2009இல் மறைந்தார்.

சதுக்கத்தின் பெயருக்குரிய யான் பலாக் இந்தக் கலைப்புலத்து மாணவர். அதே ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில், 20 வயதில், தீக்குளித்து உயிர்விட்டார். தமிழ் படிக்கிறவர் யாராவது வந்தால் நான் கட்டாயம் இங்கே அழைத்து வருவேன். ஒரே படையெடுப்பு ஒரு மாணவரின் உயிரையும் ஒரு தமிழ் ஆசிரியரின் ஊரையும் பறித்ததை அந்த வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்கே முடிப்பது, எப்படித் திரும்புவது?

இதே யான் பலாக் சதுக்கத்தில் முடிக்கலாம். எதிரே ஆறு, அதற்கு மேலே நீங்கள் காலையில் இறங்கி வந்த கோட்டை. இருட்டியதும் விளக்குப் போடுவார்கள். பக்கத்திலேயே ஸ்டாரொமியெஸ்ட்ஸ்கா மெட்ரோ நிலையம், டிராமும் உண்டு.

யூதர் பகுதி இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். போகிற போக்கில் அதையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். அங்கே பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்களின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். 80,000க்குச் சற்றுக் குறைவான பெயர்கள். கால் வலியோடும் பசியோடும் நின்று வாசிக்கும் இடம் அது இல்லை. மறுநாள் காலை வாருங்கள், சனிக்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது. அன்று மூடியிருக்கும்.